பாப்பாவைக் கீழே விடுங்கள்!



உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பாவோ, தங்கச்சிப் பாப்பாவோ உண்டா? சித்தி வீட்டில், பக்கத்து வீட்டில் இருந்தாலும் சரிதான். இன்று அந்தப் பாப்பாக்களின் சார்பாக உங்களிடம் வழக்காட வந்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் இன்னும் பேச வரவில்லையே!

வழக்கு இதுதான். பாப்பாவைத் தரையில் விடவே மாட்டேன் என்கிறோம். தூங்கி எழுந்ததும் இடுப்பில். இடுப்பு வலித்தால் வாக்கரில். சாப்பிட அடம் பிடித்தால் எதிரே மொபைல் போன். மூன்று வயதாகிவிட்டால் கையில் பென்சில்! இதற்கு நடுவில் அது எப்போது புரளும், எப்போது தவழும், எப்போது ஓடும்?

'விளையாட்டுத்தானே, அப்புறம் விளையாடிக் கொள்ளலாம்' என்பார்கள் பெரியவர்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. பாப்பாவுக்கு அதுதான் முதல் பாடம்.

அமெரிக்காவில், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தார்கள். 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளை விளையாட விட்டு, படம் பிடித்து, அவர்கள் எடுத்து வைத்த அடிகளை எண்ணினார்கள். 2012ம் ஆண்டு வெளியான கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை தொப்பென்று விழுதல்! ஒரு கணக்கு 17 தடவை தப்பாக வந்தால் நீங்களோ, நானோ நோட்டை மூடி வைத்துவிடுவோம். பாப்பா எழுந்து மறுபடியும் நடக்கிறது. இடுப்பிலேயே இருக்கும் பாப்பாவுக்கு இந்த 2,368 அடிகள் எங்கிருந்து கிடைக்கும்?

உடம்பு தன் வேலையைக் கற்றுக்கொள்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தலை நிற்க வேண்டும். அப்புறம் குப்புற விழுதல், உட்காருதல், தவழுதல், பிடித்துக்கொண்டு நிற்றல், நடத்தல். நம் புலவர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். பெரிய வகுப்புக்குப் போனால் 'பிள்ளைத்தமிழ்' என்ற நூல் வகையைப் படிப்பீர்கள். அதில் பத்துப் பருவங்கள் உண்டு. ஐந்தாம் மாதம் 'செங்கீரை'. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் 'சப்பாணி', அதாவது கை கொட்டுதல். கை கொட்ட வேண்டுமானால் கையை ஊன்றாமல் உட்காரத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு வயதை ஒட்டி 'வருகை'. தளர்நடை போட்டு வருவது. எவ்வளவு கூர்மையான கண் பாருங்கள்!

ஆனால், மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகக்கூடாது. 'எதிர்வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது, நம் குழந்தை இன்னும் தவழ்கிறதே' என்று பாட்டி புலம்பினால் இதைச் சொல்லுங்கள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006ம் ஆண்டு ஓர் அட்டவணை வெளியிட்டது. தனியாக நடப்பதற்கு அதில் கொடுத்திருக்கும் காலம், சுமார் 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம் வரை! சில குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிடுவதும் உண்டு. 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

இந்த அவசரத்தில்தான் வாக்கர் வாங்குகிறார்கள். பாப்பா அதில் தொங்கிக்கொண்டு, கால் விரல் நுனியால் தரையை உந்தும். அறை முழுக்க வேகமாக ஓடும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், தன் பாரத்தைத் தானே தாங்க வேண்டியதில்லை. விழாமல் சமாளிக்க வேண்டியதும் இல்லை. நடப்பதில் கஷ்டமான பாகமே அந்த இரண்டும்தானே? வாக்கர் குழந்தையைச் சீக்கிரம் நடக்க வைப்பதில்லை. ஆபத்தோ அதிகம். எங்கள் தெருவில் ஒரு பாப்பா வாக்கரோடு வாசல்படியில் உருண்டு, நெற்றியில் தையல் போட்டார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கனடாவில் 2004ம் ஆண்டு முதல் வாக்கரை விற்கவோ, இறக்குமதி செய்யவோ, விளம்பரம் செய்யவோ கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள்.

நம் ஊர்த் திருவிழாக் கடையில் மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டி விற்பார்களே, அது வேறு. அதில் பாப்பா தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பென்சில். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. பல வருடங்கள் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். மூன்று வயதிலேயே 'அ' எழுதப் பழகி வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். ஐந்து வயது முடிந்து, முதன்முதலாகப் பென்சில் பிடிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். பொங்கல் விடுமுறை வருவதற்குள் இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். பின் எதற்கு அந்தச் சின்னக் கையை இரண்டு வருடம் வாட்ட வேண்டும்?

உங்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை காதுமடல் போல மெத்தென்ற குருத்தெலும்பாக இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக இறுகும். மூன்று வயதில் பாதிகூட இறுகியிருக்காது. கடைசியாக வருவது, சுண்டுவிரல் பக்கம் பட்டாணி போல இருக்கும் எலும்பு. அது 8 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் இறுகத் தொடங்கும். உங்களில் சிலருக்கே இன்னும் ஆரம்பித்திருக்காது!

தவிர, கையில் முதலில் தோள் வசப்படும், பிறகுதான் விரல். ஏறுவது, தொங்குவது, பந்தை எறிவது, வாளியில் தண்ணீர் சுமப்பது எல்லாம் தோளையும் முழங்கையையும் பழக்குபவை. 1939ம் ஆண்டு சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையார், பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்ற வைத்தார். பொத்தான் போட வைத்தார். சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். அப்புறம்தான் எழுத்து.

மொபைல் போனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே பிடிக்காது! உலக சுகாதார நிறுவனம் 2019ம் ஆண்டு சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை, நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? அம்மாவுக்குச் சமையல் இருக்கிறது, அப்பாவுக்கு ஆபீஸ். பாப்பாவோடு தரையில் உட்கார நேரம் இருப்பது உங்களுக்குத்தான்! கூட்டிய தரையில் பாயை விரியுங்கள். மணி, பாசி, நாணயம் ஏதாவது கிடந்தால் பொறுக்கி எடுத்து விடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். கைக்கு எட்டாத தூரத்தில் பந்தை வைத்துவிட்டு, நீங்களும் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்; அது எப்படி நகர்ந்து வருகிறது என்று பாருங்கள்.

இரண்டு, மூன்று வயது ஆகிவிட்டதா? அம்மாவிடம் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக் கொடுங்கள். பாப்பா பாம்பு உருட்டும், தட்டும், பிய்க்கும், உங்கள் தலைமுடியிலும் கொஞ்சம் ஒட்டும். தலையை அப்புறம் அலசிக் கொள்ளலாம்!