காமனுக்குப் பத்து நிமிஷமா?



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் தேற்றாத்தீவு என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்த ஊர்ப் பிள்ளையாருக்குப் பெயர் கொம்புச்சந்திப் பிள்ளையார். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கப் போன காலத்தில், அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "இது மாட்டுக்கொம்பா, ஊதுற கொம்பா?" என்று கூட வந்த பிள்ளையிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, கொம்பு முறிக்கிற சந்தி என்றாள்.

மழை பொய்த்தால், ஊருக்குள் நோய் வந்தால், கண்ணகை அம்மனைக் குளிர்விக்க அந்தப் பக்கத்து ஊர்கள் இரண்டாகப் பிரியும். கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, வடம் கட்டி இரண்டு சேரியும் இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் பாட்டிலேயே தோற்றவர்களை வைது தீர்ப்பார்கள். இப்போது அது வருஷா வருஷம் நடப்பதில்லை. ஆனால் சந்திக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த நிலத்தில் ஊர் என்ன செய்தது என்பதை பஸ்ஸில் போகிறவள்கூடக் கேட்டு அறியலாம்.

எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலுக்கு எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிற இடம். அங்கிருந்து சேதி வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் பாடசாலை வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், பங்களாவுக்கு வெளிநாட்டு ஆளுங்க வாறாங்க. நம்ம காமனக் கொஞ்சம் ஆடிக் காட்டணுமாம். பத்து நிமிஷம் போதுமாம். எரிக்கிறது மட்டும் வேண்டாமாம், புல்லு கருகிருமாம்."

தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி கட்டி விடிய விடிய லாவணி பாடுவார்கள். பங்களா எரியாத கட்சியில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதே வாரம் பணிய லயத்துக்குக் கீழே உள்ள பொட்டலில் நான்கு மூலைக்கும் முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள். கேட்டால், வாகனம் நிறுத்த இடமாம். அதாவது, காமனைப் பார்க்க வருகிறவர்களின் வேனை நிறுத்த, காமன் நடுகிற இடம் வேண்டும்!

அவர்களுக்கு இது வேடிக்கை. வேடிக்கை பார்ப்பதில் குற்றமில்லை, நாங்களும் பார்க்கிறோம். ஆனால் எது எங்களுடையது என்று நமக்கே தெரியாமல் போனால் பத்து நிமிஷமும் மிஞ்சாது. ஆகவே இளம் பிள்ளைகளுக்காக ஒரு தரம் சொல்கிறேன்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் நடுவோம். ஆமணக்கும் கரும்பும் சேர்த்து நட்டு, வைக்கோல் புரி சுற்றி, வறட்டி கட்டி, காப்புக் கட்டுவோம். அன்றிலிருந்து பௌர்ணமி வரை இரவிரவாகத் தப்பு முழங்கும். ரதி, மன்மதன் திருமணம், தக்கன் யாகம், வீரபத்திரன் வருகை, தூதன் ஓலை கொண்டு ஓடுவது, எமன், நடுவில் ஓயாத கோமாளி. கடைசி இரவு சிவனுடைய நெற்றிக்கண்ணில் காமன் எரிவான். ரதி அழுவாள். மூன்றாம் நாள் அவன் எழுந்துவிட்டான் என்று ஊர் சந்தோஷப்படும்.

கதையைக் கவனியுங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஓலை வருகிறது. போகாதே, கெட்ட கனவு கண்டேன் என்று பெண்சாதி தடுக்கிறாள். உத்தரவு என்று போனவன் சாம்பலாகிறான். உத்தரவு போட்ட தேவர்களுக்கு ஒரு சூடும் இல்லை. இந்தக் கதை நம் லயத்துச் சனத்துக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று நான் விளக்கத் தேவையில்லை. ரதி ஒப்பாரி வைக்கும்போது எங்கள் அம்மாச்சி தன் சொந்தச் சாவுகளுக்கு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அத்தனை வருஷமும் மாசி தவறவில்லை. 1977 கலவரத்தில் அடிபட்டு எங்கள் மாமா குடும்பம் பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்குகிற பதுளை வீதியோரம் போய்க் குடியிருந்தது. முதல் மாசியில் மாமா இடம் தேடியிருக்கிறார். படுவான்கரை வயல்காரர் ஒருவர் நெல் வெட்டின வயலைக் காட்டி நடச் சொன்னாராம். "மலையில வைக்கோலுக்கு அலைவோம், இங்க வைக்கோல் மலையா கெடந்துச்சு" என்று மாமா இன்றும் சொல்வார். ஊர் தெரியாதவனுக்கு ஒரு விவசாயி கொடுத்த இடத்தை, நாலு தலைமுறையாக வேர்வை சிந்திய நமக்கு ஒரு தோட்டம் கொடுக்காதாமா?

இனி நம்மவர்களிடம் வருகிறேன். கம்பெனியைத் திட்டுவது சுலபம்.

"காமன் வந்தா பிள்ளைங்க படிப்பு கெடுது" என்று சொல்வதில் என்னுடைய சக ஆசிரியர்களே முன்னால் நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பையன் எனக்கு இருந்தான். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிவான். அவன் தூதன் வேஷம் கட்டி, இரவு பன்னிரண்டு மணிக்குப் பந்தத்தோடு ஓடிவந்து, ஒரு சொல் பிசகாமல் பாடியதை நான் கேட்டேன். அடுத்த வாரம் அந்தப் பாட்டை எழுதச் சொல்லித்தான் அவனுக்கு எழுத்துக் கற்பித்தேன். கெட்டது படிப்பா, நாங்கள் படிப்பிக்கிற விதமா?

"வித்தியானந்தனே கூத்தைச் சுருக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கித்தான் ஏற்றினார். ஆனால் எதற்கு? படித்தவர்கள் இளக்காரமாகப் பார்த்த கலையை அவர்கள் மதிக்கச் செய்வதற்கு. ஊர்க் களரியை மூடிவிட்டு அவர் மேடை போடவில்லை. அண்ணாவியார் ஊரில் மாதக்கணக்கில் பழக்குவதும், சதங்கை அணிவதும், வட்டக் களரியில் அரங்கேறுவதும் அவருக்குப் பிறகும் நடந்தன. நம்மிடம் கேட்பது வேறு. களத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார்கள்.

குடியைப் பற்றிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காப்புக் கட்டினவன் குடிக்க மாட்டான். பார்க்க வருகிறவன் குடித்துவிட்டு வருகிறான். அதை மாதர் சங்கம் நிறுத்தலாம், ஒரு வருஷம் எங்கள் டிவிசனில் நிறுத்தியும் காட்டினோம்.

ஆனால் யாரும் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. தப்பு இல்லாமல் காமன் இல்லை. தப்படிக்கிறவரை எங்கே நிறுத்துகிறோம்? விடிய விடிய விரல் வீங்க அடித்தவருக்குத் தேத்தண்ணி எந்தக் கோப்பையில் போகிறது? பிரட்டுக்களத்தில் எல்லோரும் தொழிலாளி, பொட்டலில் மட்டும் சாதியா? சங்கக் கூட்டத்தில் தோழர் என்று கூப்பிடுகிற வாய் அங்கே எப்படிக் கூப்பிடுகிறது என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பாருங்கள்.

வாவிக்கரையில் நான் கற்றதில் பெரியது இதுதான். சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு வேலை செய்தார்கள். வெளியிலிருந்து போய்த் திருத்தவில்லை. ஆடுகிற சனத்தோடு உட்கார்ந்து, இந்தக் கூத்தில் சாதி எங்கே இருக்கிறது, பெண்ணை எப்படிக் காட்டுகிறது என்று பேசிப் பேசி, அவர்களே மாற்றினார்கள். கூத்து அதனால் செத்துப்போகவில்லை. நம் காமனையும் நாம் அப்படி மாற்றலாம். எனக்குப் பத்து வயதில் ரதி வேஷம் கட்ட ஆசை. "பொம்பளப் புள்ள கட்டக்கூடாது" என்றார்கள். சித்தப்பா மகன் கட்டினான், மீசையை மறைக்க இரண்டு தரம் பவுடர் போட்டார்கள். என் மாணவிகள் இன்று கேட்கிறார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இதை நாம் தீர்மானிக்க வேண்டும், பங்களா அல்ல.

சரி, சங்கம் என்ன செய்ய வேண்டும்?

தோட்டத்து நிலம் கம்பெனியின் சீதனம் அல்ல. 1992இல் நிர்வாகம் தனியார் கைக்குப் போனது, பிறகு குத்தகை வந்தது. நிலம் அரசினுடையது. ஏழு பேர்ச் காணி கேட்கும்போது வீட்டுக்கு மட்டும் கேட்கிறோம். கோயில், மயானம், காமன் பொட்டல், பிள்ளைகள் பந்தடிக்கிற இடம் எல்லாம் லயத்துப் பொதுக்காணி என்று அதே மனுவில் எழுத வேண்டும். வீடு மட்டும் கிடைத்து ஊர் கிடைக்காவிட்டால் லயத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது போலத்தான் ஆகும்.

இரண்டாவது, எரிகிற இரவுக்கு மறுநாள் லீவு. நாலு மணி வரை ஆடினவன் காலையில் பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. கண் எரிய மலை ஏறினவளுக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர். சும்மா கேட்கவில்லை, அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யத் தயார் என்று எங்கள் டிவிசன் ஏற்கனவே சொல்லிவிட்டது.

பங்களாவுக்கு நாங்கள் அனுப்பிய பதில்: காமன் பார்க்க விரும்புகிறவர்கள் பௌர்ணமி இரவு பொட்டலுக்கு வரலாம், சாக்கு விரித்து இடம் தருவோம், தேத்தண்ணியும் தருவோம். விடியும்வரை இருக்க வேண்டும். வேனை ரோட்டில் நிறுத்தட்டும்.

முளையும் நூலும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத் தலைவரும், மாதர் தலைவியும் தங்கள் டிவிசனின் பொட்டலைக் கயிறு பிடித்து அளந்து, எந்த லயத்துக்குப் பக்கம், எத்தனை வருஷமாகக் காமன் நடுகிறோம் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி, இரண்டு பேரின் கையெழுத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். உங்கள் பொட்டலுக்குப் பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்த மாசி மூன்றாம் பிறைக்கு முன் ஒரு பெயர் வைத்து அனுப்புங்கள்.