நகப் பரிசோதனையும் நீரற்ற குழாயும்

"சுத்தம் சுகந் தரும்" என்னும் வாசகம் தீட்டப்படாத பாடசாலைச் சுவரை ஈழத்தின் தமிழ்ப் பகுதிகளிற் காண்பது அரிது. அச்சுவரின் முன்னேதான் திங்கட்கிழமைகளில் மாணவர் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். நீட்டிய கைகளின் நகங்கள் பார்க்கப்படுகின்றன; தலைமுடி, பல், சட்டைக் கழுத்தின் ஓரம், கைக்குட்டை என ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. குறை காணப்பட்டவர் வரிசையினின்றும் விலக்கப்பட்டு எல்லோரும் காண முன்னே நிறுத்தப்படுவர். அதே பாடசாலையின் பின்புறத்து மலசலகூடம் பூட்டப்பட்டிருக்கலாம். குழாயில் நீர் வராதிருக்கலாம். சவர்க்காரம் என்ற பொருள் அங்கு ஒருநாளேனும் வைக்கப்படாதிருக்கலாம். அவற்றை வரிசையில் நிறுத்திப் பரிசோதிப்பார் எவருமிலர்.

சுகாதாரக் கல்வி என்ற பெயரில் இன்று நடைபெறுவது பெரும்பாலும் இதுவே. நோய் தனிமனிதனின் அசிரத்தையால் விளைவது; அசிரத்தை அறியாமையால் விளைவது; ஆதலின் அறிவுரை கூறினால் நோய் அகலும் என்பது இதன் அடிப்படை. கேட்பதற்கு இனிய தர்க்கம். செலவில்லாத தர்க்கமுங்கூட. குழாய் பதிப்பதிலும் சுவரொட்டி அச்சிடுவது மலிவானது என்பதை அதிகாரிகள் நன்கறிவர்.

இத்தர்க்கம் இந்நாட்டில் முன்னரே பரீட்சிக்கப்பட்டுத் தோல்வி கண்டதாகும். 1916 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மலையகத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். இப்புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறி, ஈரமண்ணிற் பொரித்துக் குடம்பியாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, ஈற்றிற் குடலிலே தங்கிக் குருதியை உறிஞ்சுகின்றது. மருந்து கொடுக்கப்பட்டது, படங்காட்டி விரிவுரைகள் நிகழ்த்தப்பட்டன. ஆயின் மலசலகூடங் கட்டுவது தோட்டத்துரைமாரின் செலவாயிற்று. அச்செலவை ஏற்க அவர்களுட் பலர் விரும்பவில்லை. குணமான தொழிலாளி மறுநாட் காலையில் அதே மண்ணில் அதே வெறுங்காலுடன் கொழுந்து பறிக்கச் சென்றான். புழு மீண்டும் ஏறிற்று. இதற்குக் கூறப்பட்ட காரணம் யாது? "கூலிகளின் பழக்கவழக்கம்." குற்றவாளி அன்றே தெரிவு செய்யப்பட்டுவிட்டான்.

பத்தாண்டுகளின் பின் வேறொரு பாதை திறந்தது. 1926 இற் களுத்துறையில் இந்நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. குறித்த ஓர் எல்லைக்குள் வாழ்வோரின் சுகாதாரத்துக்கு வைத்திய அதிகாரியும், பரிசோதகரும், தாதியும், மருத்துவமாதும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். மருத்துவமாது வீடுவீடாகச் சென்றாள். கருப்பிணியின் அடுப்படியிலிருந்து பேசினாள். அறிவுரை கூறியவரே பிரசவத்துக்கும் வந்தார்; கிணற்றைப் பார்க்க வந்தவரே மலசலகூடத்துக்கும் வழி கூறினார். நாடெங்கும் பரவிய இம்முறையே இலங்கையின் தாய்சேய் மரணங்களைக் குறைத்தமைக்காக உலகம் புகழும் சேவையின் அடித்தளமாயிற்று. தோட்டங்களோ நெடுங்காலம் இச்சேவைக்குப் புறம்பாக, நிர்வாகங்களின் தயவிலேயே விடப்பட்டன. மலையகத்தின் பின்னடைவைத் தொழிலாளரின் அறியாமைக்குக் கணக்கெழுதுவோர் இந்த வரலாற்றை மறைத்தே எழுதுகின்றனர்.

வடபுலத்துக்கு வருவோர் இங்கு வேறொரு சிக்கலைக் காண்பர். தமிழிற் "சுத்தம்" என்ற சொல் ஒருபோதும் கிருமியை மட்டும் குறித்ததில்லை. அது ஆசாரத்தையும் குறித்தது; சாதியையும் குறித்தது. யாழ்ப்பாணத்து ஊர்களிலே கிணற்றடியில் வெறுங்குடத்துடன் நின்று, தண்ணீர் அள்ளி ஊற்றும் ஒருவர் வருமளவும் மணிக்கணக்காகக் காத்திருந்தவர் பலர். துலாக் கயிற்றைத் தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. கே. டானியல் "தண்ணீர்" என்று ஒரு நாவலுக்குப் பெயரிட்டமைக்கு அலங்காரம் காரணமன்று. சாதியின் பெயரால் மக்கள் மீது சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்தது. கிணற்றுக் கட்டுகளோ சட்டம் வாசிப்பதில்லை. குடிக்க நீர் மறுக்கப்பட்டவனையே குளிக்காதவன் என்று பழித்ததும், பிறர் மலத்தைச் சுமந்து நகரைத் துப்புரவாக்கியவனையே அசுத்தன் என்று ஒதுக்கியதும் இதே சமூகமாகும்.

இந்நிலையில் நகப் பரிசோதனையின் வரிசையினின்றும் எந்தப் பிள்ளை முன்னே அழைக்கப்படுகின்றது என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். வீட்டிற் கிணறில்லாத பிள்ளை. ஒரே சீருடையை இரவில் தோய்த்து ஈரத்துடன் காலையில் அணியும் பிள்ளை. விடியுமுன் தாயுடன் கூலி வேலைக்குச் சென்று திரும்பும் பிள்ளை. அப்பிள்ளையின் பாட்டன் கிணற்றடியிற் பெற்ற அவமானத்தைப் பேரன் பாடசாலை முற்றத்திற் பெறுகின்றான். வேறுபாடு ஒன்றுண்டு: பாட்டனிடம் அதற்கு "சுகாதாரம்" என்று பெயர் கூறப்படவில்லை.

பாடப்புத்தகத்தின் அறிவுரையும் சில வேளைகளில் நிலத்தையறியாது பேசுகின்றது. "கொதித்தாறிய நீரைப் பருகுக" என்பது நல்ல உபதேசமே. நெருப்பாய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் தருங் கிருமிகள் கொதிப்பில் அழியும். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புப் பாறையாகும். பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கசியும் நைத்திரேற்று அப்பாறையின் வெடிப்புகளினூடே கிணற்றை அடைகின்றது. கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடுகின்றது. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் மலக்குழியும் அமைக்க நேர்ந்த குடும்பம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இப்பிரச்சினை தீராது. இது காணியின் பிரச்சினை, வடிகாலமைப்பின் பிரச்சினை.

பெண்பிள்ளைகள் விடயத்தில் பாடம் பேசுவதையே நிறுத்திக்கொள்கின்றது. இனப்பெருக்கத் தொகுதி பற்றிய அலகை "வீட்டில் வாசியுங்கள்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர் அரியவரல்லர். வீட்டிலே அதற்குத் "துடக்கு" என்று பெயர். பாடசாலையில் மௌனம், வீட்டில் விலக்கு. இரண்டுக்குமிடையே மாதந்தோறும் பிள்ளை பாடசாலைக்கு வராது நிற்கின்றது. அரசும் இதில் தன் பங்கைச் செலுத்தியது. இறக்குமதியாகும் மாதவிடாய் அணையாடைகள் மீதான வரிகளின் கூட்டுத்தொகை 2018 ஆம் ஆண்டு குறைக்கப்படும் வரை நூறு வீதத்துக்கும் மேற்பட்டிருந்தது. ஒரு கையாற் சுகாதாரத்தைப் போதித்து மறு கையால் அதற்கு வரி அறவிட்ட விந்தையை என்னென்பது!

மலசலகூடங் கட்டிக் கொடுத்தாலும் மக்கள் அதில் விறகு அடுக்குகின்றனரே, எனவே முதலில் அறிவு புகட்டப்படல் வேண்டும் என வாதிடுவோர் உளர். விறகு அடுக்கப்பட்டமை உண்மை. கழுவ நீரில்லாத, கதவு பொருந்தாத, குழி நிரம்பினால் யார் அகற்றுவது என்று எவரும் கூறாத ஓர் அறையை வேறெதற்குப் பயன்படுத்துவது? எனினும் இவ்வாதத்தில் ஒரு பங்கு நியாயமுண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழக்கம் தானாக மாறுவதில்லை. கையைக் கழுவுவதன் காரணம் கற்பிக்கப்படவே வேண்டும். களுத்துறையின் மருத்துவமாதும் கற்பித்தாள். அவள் கற்பித்தது வசதியுடன் கூடவே வந்தது; அவளது சொல்லுக்குப் பின்னால் ஒரு சேவை நின்றது. 2020 இற் கொரோனாக் காலத்தே இருபது செக்கன்கள் கை கழுவுமாறு நாள்தோறும் ஒலிபரப்பப்பட்டபோது, லயத்து வரிசைக்கு ஒரு குழாயென வாழ்ந்தவர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பர். அவர்கள் கல்வியை மறுத்தாரல்லர்.

கலைப்பீடத்தினின்றும் ஆண்டுதோறும் வெளியேறுவோரிற் பலர் ஆசிரியராகின்றனர். பிரம்புடன் அவ்வரிசையின் முன்னே நிற்கப்போவோரும் அவர்களே. அவர்கள் செய்யக்கூடியது பெரிதன்று. திங்கட்கிழமைப் பரிசோதனையை அவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. அதன் திசையை மாற்றினாற் போதும். பரிசோதிப்போர் மாணவராகவும் பரிசோதிக்கப்படுவது பாடசாலையாகவும் இருக்கட்டும். குழாயைத் திறந்து நீர் வருகின்றதா என்று ஏழாந் தரத்துப் பிள்ளை பார்க்கட்டும். மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் உள்ளதென்று பெண்பிள்ளைகள் கேட்கட்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கணித வகுப்பில் அளந்து எழுதட்டும். அவ்வறிக்கை அதிபரின் மேசைக்கும், பெற்றார் கூட்டத்துக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், வலயக் கல்விப் பணிமனைக்கும் செல்லட்டும். அதற்கு மறுமொழி கிடைத்த பின்னர் பிள்ளைகளின் நகங்களைப் பார்க்கலாம்.