தாய்ப்பால் இருக்கத் தண்ணீர் எதற்கு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். கண்மாய் வற்றிவிடும். பெரியவர்களுக்கே நாக்கு வறண்டு போகும்.

அந்த நேரத்தில் பச்சைக் குழந்தை அழுகிறது. உடனே பாட்டி, "பிள்ளைக்குத் தாகம் எடுக்குது. ரெண்டு சங்கு தண்ணி கொடும்மா" என்கிறார். பாசத்தோடு சொல்லும் சொல்தான். ஆனால், அந்தச் சங்குத் தண்ணீரால் ஆபத்து வரலாம்.

பாலிலேயே தண்ணீர்

தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர்தான். குழந்தை குடிக்கத் தொடங்கியதும் முதலில் வருவது நீர்த்த பால். அது தாகத்தைத் தணிக்கும். பிறகு வருவது கொழுப்பு மிகுந்த பால். அது பசியை ஆற்றும். எனவே, எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்தான்!

குழந்தையின் வயிறு சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். சங்கிலும் புட்டியிலும் கிருமி ஒட்டியிருந்தால் பேதி வரும். தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், ஒவ்வொரு முறையும் அவற்றைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியுமா?

முதல் தடுப்பு மருந்து

பிரசவமான முதல் சில நாட்கள் மஞ்சள் நிறத்தில் சுரப்பது சீம்பால். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் முன்பு இருந்தது. சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவும் வழக்கமும் உண்டு. இரண்டும் தவறு. சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்திருக்கிறது. அதுவே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

தாய் எந்த ஊரில் வாழ்கிறாளோ, அந்த ஊர்க் கிருமிகளை அவள் உடம்பு அறியும். அவற்றை எதிர்க்கும் சக்தியைப் பால் வழியே பிள்ளைக்குத் தருகிறது. எந்த டப்பாப் பாலிலும் இது கிடையாது.

1939-ம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் இதற்காகக் குரல் கொடுத்தார். டப்பாப் பாலைப் புகழ்ந்து தாய்மாரை ஏமாற்றுவது குழந்தைகளைக் கொல்வதற்குச் சமம் என்று கண்டித்தார். இந்தியாவில் 1992-ம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாவு விளம்பரத்துக்குத் தடை போட்டது.

தாய் மட்டும் பொறுப்பா?

2019-21-ம் ஆண்டுகளில் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடப்பது தெரிந்தது. ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 55 பேர்தான்.

காரணம் அறியாமை மட்டுமல்ல, பிழைப்பும்தான். 2017-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால், நாலு தறி ஓடும் கொட்டகையில் 50 பேர் ஏது? கூலிக்குக் களை எடுக்கப் போகும் பெண்ணுக்கு விடுப்பு ஏது?

ஆகவே, தறிக்காரர் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும். கணவன் வீட்டு வேலையில் பங்கெடுக்க வேண்டும். பால் போதவில்லை என்று தோன்றினால் டப்பாவைத் தேடாமல், டாக்டரையோ கிராம நர்சையோ கேட்க வேண்டும்.

பாட்டிக்கும் ஒரு வேலை உண்டு. சங்கை எடுத்து வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை மருமகள் கையில் கொடுக்கட்டும். தாயின் தாகம் தீர்ந்தால் பிள்ளையின் தாகமும் தீரும்.