ஷட்டர் திறந்திருந்தால் யார் கரைவது?

போட்டோ போட்டி என்றாலே நம்ம பசங்க கொடைக்கானல் ஓடைக்குத்தான் ஓடுகிறார்கள். ஸ்டாண்டில் கேமரா, ஷட்டர் 1 விநாடி. தண்ணீர் பால் மாதிரி வழியும். அழகுதான், மறுக்கவில்லை. கணக்கும் லேசு: 1/60-ல் எடுக்கிற படம், 6 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1 விநாடிக்கு வந்துவிடும். 10 ஸ்டாப் என்றால் 1/30 கூட அரை நிமிஷம்!

இதே வித்தையை நம்ம எண்ணூர் கழிமுகத்தில் காட்டினால் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தை 30 விநாடியில் எடுத்திருந்தால், நெளிவெல்லாம் குழைந்து பனிமூட்டமாக விழுந்திருக்கும். இன்னொன்று, நீண்ட ஷட்டரில் அசைவது கரையும், அசையாதது நிற்கும். தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களும், துடுப்பு போடுகிற மீனவரும் நிழலாகிவிடுவார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டும் பளிச்சென்று நிற்கும். (நம்ம ஊர் நிலவரமே இதுதானே என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் தோணுது.)

அலையாத்தி வேரை நீண்ட ஷட்டரில் எடுங்க, தப்பில்லை. கூடவே அதே இடத்தில், ஆட்களிடம் கேட்டுவிட்டு, 1/500-ல் ஒரு படம். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டணும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு 1/500-க்கே.