உடலின் கணக்கும் தறியின் கணக்கும்

இரவு பகலை ஒட்டி மனித உடல் நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதை யாவரும் அறிவர். நாளினும் சிறிய சுற்றுகளும், நாளினும் பெரிய சுற்றுகளும் உடலுக்குள் உண்டு என்பதை நம் சங்கங்கள் கருத்திற் கொள்வதில்லை. இது குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சிறிய சுற்றுக்கு உறக்கமே சான்று. உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் இடையிடையே விரைந்து அசைவதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அஸரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் 1953இல் வெளியிட்டனர். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை ஆழ்ந்தும் தெளிந்தும் மாறிவருவது பின்னர் உறுதியாயிற்று. பகலிலும் இச்சுற்று தொடர்வதாகக் கிளைட்மன் கருதினார். அதனை ஆய்வாளர் அனைவரும் ஏற்றிலர். எனினும், இடைவிடாது நாடா எறிபவரின் கவனம் தளர்ந்து, அறுந்த இழை கண்ணுக்குத் தப்புவதை நெசவாளர் எவரும் மறுக்கார்.

பெரிய சுற்றுக்கு மாதரின் மாதவிடாய் சான்று. சராசரி 28 நாள் என்பினும், 21 முதல் 35 நாள் வரை வேறுபடுவது இயல்பே. பலருக்கு முதல் ஓரிரு நாட்களில் அடிவயிற்று வலி கடுமையாக இருக்கும். அந்நாளில் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிப்பதும், சேற்றில் குனிந்து நாற்று நடுவதும் எத்துணைத் துன்பம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிறந்த தேதியைக் கொண்டு 23, 28, 33 நாட்களுக்கு ஏற்ற இறக்கம் குறிக்கும் அட்டவணைகளை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அவை சோதனையில் தேறவில்லை. உடலின் நிலையை உடையவரே அறிவர், அட்டவணை அறியாது.

நாம் பார்வையிடும் தறிக்கூடங்கள் சிலவற்றில், அன்றன்றைய அளவு குறைந்தால் அன்றே குறை எழுதுகின்றனர். இம்முறை நியாயமன்று. மாதத்தில் நெய்து தர வேண்டிய அளவை மாத முடிவிலேயே கணக்கிடுக. எந்நாளில் ஏன் குறைந்தது என்று எந்தப் பெண்ணும் விளக்கம் கூற நேராது. அவர் மானமும் காக்கப்படும். வயல் வேலைக்கு ஆளனுப்பும் சங்கங்களும் நாள்முறையை மாற்றிக்கொள்ள இடமளிக்கலாம்.

உற்பத்தி குறையும் என்பர் சிலர். நெய்த துணிக்கே கூலி வழங்கும் சங்கத்திற்கு இதனால் கூலி நஷ்டம் ஏது? ஒப்பந்தத் தவணை நெருங்கும்போது மட்டும் நிர்வாகக் குழு முன்கூட்டியே வேலையைப் பகிர்ந்தளித்தால் போதும்.

தொழிற்சாலைகளில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஜப்பான் 1947இலேயே மாதவிடாய் விடுப்பைச் சட்டத்தில் சேர்த்தது. பீகார் அரசு 1992இல் தன் பெண் ஊழியருக்கு மாதம் இரண்டு நாள் வழங்கியது. அரசாங்கங்கள் முதலாளி என்ற முறையில் செய்ததை, உழைப்போரே உடைமையாளராக உள்ள கூட்டுறவு செய்யத் தயங்குவது அழகன்று.

ஆகவே, நாட்கணக்கை விடுத்து மாதக்கணக்கை ஏற்கவும், காலையிலும் மாலையிலும் சிறிது ஓய்வு வழங்கவும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அத்தீர்மானத்தைப் பெண் அங்கத்தினர் ஒருவரே முன்மொழிதல் சாலச் சிறந்தது.