நகருக்குப் புறத்தே ஒரு சேரி!

வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம், பெயரை அழைக்கிறோம், மறுமொழி இல்லை. மீண்டும் அழைக்கிறோம். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "அவங்க வீட்டை இடிச்சுட்டாங்க சார்! லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்கிறான்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பத்தே நாள் இருந்தது. கணக்கிலே கெட்டிக்காரன் அந்தப் பிள்ளை. எங்கே கொண்டு சென்றனர் அவனை? காட்டுக்கா? சிறைக்கா? இல்லை, தோழர்களே, புதிய வீட்டுக்கு! கதவுண்டு, காரைச் சுவருண்டு, மின்விளக்குண்டு. மகிழவேண்டிய செய்தியன்றோ? ஆனால், அவன் தந்தையார் மூட்டை சுமக்கும் சந்தை இங்கே இருக்கிறது. தாயார் பாத்திரம் துலக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அவன் படித்த பள்ளி இங்கே இருக்கிறது. வீடு மட்டும் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால்!

வீடு கொடுத்தோம் என்கிறார்கள். வாழ்வைப் பறித்துக்கொண்டு வீட்டைக் கொடுப்பதற்குப் பெயர் யாது?

★

ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தை இரண்டாகக் கிழித்த நாடு இது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம். அவன் விளைத்த நெல் வேண்டும், அவன் நிழல் வேண்டாம் — இதுவே அந்தக் கோட்டின் பொருள். அந்தக் கோட்டை அழிக்கவே பகுத்தறிவுப் படை புறப்பட்டது. கிராமத்தின் கொடுமையிலிருந்து தப்பி, "பட்டணத்திலே எவனும் சாதி கேட்கமாட்டான்" என்று எண்ணி ஓடி வந்தான் ஏழை. வந்தவனுக்குக் கூவம் கரை கிடைத்தது. அடையாற்றின் ஓரம் கிடைத்தது. பக்கிங்காம் கால்வாயின் மேடு கிடைத்தது. அங்கே ஓலை வேய்ந்தான், ஊர் சமைத்தான், நகரத்தையே கட்டினான்!

இன்று அந்த நகரம் அவனைப் பார்த்து, "வெளியே போ!" என்கிறது. கிராமத்துச் சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருந்தது. நகரத்துச் சேரிக்கும் ஊருக்கும் நடுவே 25 கிலோமீட்டர் இருக்கிறது. வளர்ச்சி வளர்ச்சி என்கிறார்களே, இதுவோ அந்த வளர்ச்சி?

★

நம்மவர் தொடங்கிய நற்பணியை நாம் மறந்தோமில்லை. 1970ஆம் ஆண்டு, கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971ஆம் ஆண்டு அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. குடிசைப் பகுதியென்று அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து ஏழையை எவரும் எளிதில் விரட்டவொண்ணாது என்றது அச்சட்டம். அந்நாளில், குடிசை இருந்த இடத்திலேயே, கடற்கரையோரத்திலும் நகரின் நடுவிலும், அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மீனவன் கடலை விட்டு அகலவில்லை. கூலித் தொழிலாளி சந்தையை விட்டு அகலவில்லை. அந்தக் கொள்கையின் உயிர்நாடி அதுதான்!

பின்னர் நடந்தது என்ன? 1985க்குப் பிறகு நீண்ட பல ஆண்டுகள் சென்னையில் புதிதாக எந்தக் குடிசைப் பகுதியும் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. சட்டம் ஏட்டிலே உறங்கிற்று. இடிக்கும் இயந்திரம் தெருவிலே விழித்துக்கொண்டது! 2000ஆம் ஆண்டு கண்ணகி நகர் வந்தது; அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னர் செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம், அங்கே 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. லாரி சென்ற திசை மாறவில்லை. 2021ஆம் ஆண்டு வாரியத்தின் பெயரையும் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். பெயர் மாற்றத்தை வரவேற்கிறோம். கொள்கை மாற்றத்துக்குக் காத்திருக்கிறோம்.

நம் கட்சி ஆட்சியில் நடந்ததென்றால் வாய்மூடியிருப்பதும், மாற்றார் ஆட்சியில் நடந்ததென்றால் வரிந்துகட்டுவதும் பகுத்தறிவாகுமா? ஆகாது!

★

"ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்தன்றோ? 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டீர்களே! அவர்கள் உயிரைக் காக்கவே அகற்றினோம்" என்பர் அறிவுடையோர். அவர்களைக் கேட்கிறோம்: காப்பாற்றி எங்கே குடியேற்றினீர்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலே! அதே 2015 வெள்ளத்தில் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் நீரில் நின்றன. ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டுச் சதுப்பு வெள்ளத்தில் இறக்கியதற்குப் பெயர் பாதுகாப்பா? 2022ஆம் ஆண்டு அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலகமே காக்கவேண்டிய நீர்நிலை என்று பெயரெடுத்தது. எஞ்சியிருக்கும் துண்டுக்குத்தான் அந்தப் பெருமை. மழைநீர் தங்கவேண்டிய நிலத்தில் பெரும்பகுதியைக் கட்டிடமும் குப்பைமேடும் முன்பே விழுங்கிவிட்டன!

கம்பம் நடுவதற்கு வாஸ்து பார்க்கிறான் நம் நாட்டான். ஈசானிய மூலை எது என்று கேட்கிறான். மழைநீர் எந்த மூலைக்கு ஓடும் என்று மட்டும் கேட்கமாட்டான்!

ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கும் சாதி உண்டு போலும்! அடையாற்றங்கரையில் ஒருவன் குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு. அதே ஆற்றின் குறுக்கே விமான ஓடுதளத்தை நீட்டினால் அது முன்னேற்றம். கால்வாய்க் கரையில் ஒருத்தி அடுப்பு மூட்டினால் அது குற்றம். அதே கால்வாய்க்குள் தூண்களை நிறுத்திப் பறக்கும் ரயில் ஓட்டினால் அது சாதனை. ரயில் வேண்டாம் என்றோமில்லை. நீருக்கு இடையூறு எது என்பதை அளவுகோல் சொல்லட்டும், அந்தஸ்து சொல்லவேண்டாம் என்கிறோம்.

★

"எல்லாம் சரி, நகரின் நடுவே நிலம் ஏது? பணம் ஏது?" — இதுதான் அவர்களின் கடைசி அம்பு. அதையும் முறிப்போம்.

நிலம் இல்லையா? கிண்டியிலே குதிரைகள் ஓடுவதற்கு ஏறத்தாழ 160 ஏக்கர் இருந்ததே! 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். 2024ஆம் ஆண்டில்தான் அரசு அந்தக் குத்தகையை நீக்கி நிலத்தை மீட்க முனைந்தது. குதிரைக்கு 160 ஏக்கர் தந்த நகரம், அந்தக் குதிரையின் இலாயத்தைக் கழுவியவனுக்கு 300 சதுர அடி தர முடியாதென்று கைவிரிக்கிறது!

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். மைய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டங்கள் கட்டிடத்துக்குப் பணம் தந்தன. நிலம் வாங்கத் தரவில்லை. ஆகவே அதிகாரிகள் மலிவான நிலத்தைத் தேடினர். மலிவான நிலமோ சதுப்பிலே கிடந்தது. கருவூலத்தில் நிலத்தின் செலவு மிச்சமாயிற்று. அந்தச் செலவை இன்று யார் கட்டுகிறார்? விடியற்காலை 4 மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வரும் தாய் கட்டுகிறாள். பள்ளியை விட்ட பிள்ளை கட்டுகிறான். அரசின் கணக்கில் வராத செலவு ஏழையின் ஆயுளில் பற்றெழுதப்படுகிறது!

"வீட்டைக் கொடுத்தால் பூட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள், வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள்" என்று பழிப்போரும் உண்டு. பிழைப்பு இல்லாத இடத்தில் எவன் இருப்பான்? பழிப்பவர் ஒரு திங்கள் அங்கிருந்து நகருக்குக் கூலி வேலைக்கு வந்து பார்க்கட்டும்!

★

வியன்னா நகரைப் பாருங்கள். முதல் உலகப் போரில் தோற்று, பசியில் வாடிய நாட்டின் தலைநகர் அது. 1919இல் சமூக ஜனநாயகக் கட்சியார் நகராட்சியைக் கைப்பற்றினர். 1923இல் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் ஒரு வீட்டுவரியைக் கொண்டுவந்தார். சிறு வீட்டுக்குச் சிறு வரி, மாளிகைக்குப் பெருவரி! வட்டிக்கடையின் வாசலில் நில்லாமல், அந்த வரியையும் ஏனைய வரிகளையும் கொண்டு கட்டினர். 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது, 1,382 வீடுகள், உள்ளேயே துணி வெளுக்கும் கூடம், குளியலகம், குழந்தைகள் காப்பகம், நூலகம். வாடகை, பராமரிப்புச் செலவின் அளவே. 1934 பிப்ரவரியில் சர்வாதிகாரிகளின் படை அதன்மீது பீரங்கியால் சுட்டது. சுட்டவர் போயினர், வீடுகள் நிற்கின்றன! இன்றும் வியன்னா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவிபெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர்.

"அது ஐரோப்பா" என்பீர்களா? அரும்பாக்கத்துக்கும் வில்லிவாக்கத்துக்கும் கொடுங்கையூருக்கும் வாருங்கள்! 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு, சாலையும் குடிநீரும் வடிகாலும் அமைத்துச் சிறுமனைகளாகப் பிரித்துத் தந்தனர். பெருமனையைச் சந்தை விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தால் ஏழையின் மனை விலையைக் குறைத்தனர். வகை தெரிந்த நாடுதான் நம் நாடு, மனந்தான் மறந்துவிட்டது.

நகரின் நடுவே நிலம் பொன்விலை விற்கிறதென்றால், பொன்னாக்கியவர் யார்? மக்கள் பணத்தில் மெட்ரோ ரயில் வருகிறது. மறுநாள் பக்கத்து மனையின் விலை ஏறுகிறது. மனைக்காரர் அதற்காக ஒரு செங்கல்லும் சுமக்கவில்லை. சுமந்தவனோ நகருக்கு வெளியே! பொதுப்பணத்தால் ஏறிய விலையில் ஒரு பங்கு பொதுமக்களுக்கு வரட்டும். பெருங்கட்டிடம் எழுப்புவோரிடம் உறைவிடக் கட்டணம் வாங்கும் விதி இங்கே ஏற்கெனவே உண்டு. எந்தப் பகுதியில் வாங்கினார்களோ, அந்தப் பகுதியிலேயே அது ஏழையின் வீடாக எழவேண்டும். அடையாற்றில் வாங்கிய பணம் பெரும்பாக்கத்தில் சுவரானால், அந்தக் கட்டணத்துக்குப் பெயர் ஏழையை அண்டவிடாதிருக்கச் செலுத்தும் கப்பம்!

★

தோழர்களே, ஏழ்மை தலைவிதி என்று சொன்ன புரட்டை எதிர்த்தவர்கள் நாம். வரைபடத்தில் ஒருவன் போட்ட கோட்டை மட்டும் விதியென்று ஏற்கலாமா? உங்கள் வட்டத்தில் அரசு நிலம் எவ்வளவு, யார் கையில், என்ன குத்தகைக்கு என்று கேளுங்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஒரு குடிசையையும் தொடாதே என்று முழங்குங்கள். அகற்றித்தான் ஆகவேண்டுமெனில், நடந்துபோகும் தொலைவில் வீடு தந்தபின் அகற்று என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டுமென்பது விதி. நாம் இன்னும் நீக்கவில்லை. நாளையும் அழைப்போம். மறுமொழி சொல்லவேண்டியவன் அவனல்லன், இந்த நகரம்!