லைன் என்னும் ஒரு சொல்

தொண்டை நாட்டுப் பழம்பதிகளுள் ஒன்று ஸ்ரீபெரும்புதூர். வைணவப் பேராசிரியராகிய இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமை அதற்கு உண்டு. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அது அமைந்துள்ளது. ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த அவ்வட்டாரம் சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் தொழில் வட்டாரமாக மாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ, நிசான் ஆகிய இரு நிறுவனங்களும் கூடி நிறுவிய தொழிற்சாலை 2010இலும், டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை 2012இலும் திறக்கப்பெற்றன. கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள், கைப்பேசி எனப் பல்வகைப் பொருள்களும் அங்கே உருவாகின்றன.

இத்தொழிற்சாலைகளுள் எதனுள் நுழைந்தாலும் ஒரு சொல் இடைவிடாது காதில் விழும். அது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல். "லைன் ஓடுகிறது" என்பர். "லைன் நின்றுவிட்டது" என்பர். "லைனைத் தாண்டாதே" என்று மேற்பார்வையாளர் எச்சரிப்பார். "லைனில் காற்று வரவில்லை" என்று ஒருவர் முறையிடுவார். "லைனில் மின்சாரம் இல்லை" என்று மற்றொருவர் கூறுவார். உணவு வேளையில் "லைனில் நில்லுங்கள்" என்னும் குரல் கேட்கும். சொல் ஒன்றே, ஆயினும் பொருள் ஒன்றன்று. முதல் இரண்டு தொடர்களில் அது பொருள்களை ஒன்றுசேர்க்கும் வேலைத் தொடரைக் குறித்தது. மூன்றாவதில் தரையில் தீட்டிய மஞ்சள் கோட்டைக் குறித்தது. நான்காவதில் அழுத்தமூட்டிய காற்றைக் கொண்டுவரும் குழாயும், ஐந்தாவதில் மின்கம்பியும், ஆறாவதில் மக்கள் நிற்கும் வரிசையும் அதற்குப் பொருளாயின.

இத்துணைப் பொருள்கள் ஒரு சொல்லுக்கு வந்தது எவ்வாறு? அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் விடை கிடைக்கும். இலத்தீன் மொழியில் 'லீனும்' என்பது ஆளிச் செடியைக் குறிக்கும் பெயர். அச்செடியின் நாரினின்றும் திரித்த நூல் 'லீனியா' எனப்பட்டது. அந்நாரால் நெய்த துணிக்கு ஆங்கிலத்தில் 'லினன்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. நூலைக் குறித்த சொல், நூலை இழுத்துப் பிடித்துப் போட்ட கோட்டையும் குறித்தது. பின்னர்க் கோடுபோல் நீண்டு கிடப்பன யாவும் அப்பெயர் பெற்றன. எழுத்து வரி, படை வரிசை, இருப்புப்பாதை, மின்கம்பி, தொலைபேசித் தொடர்பு ஆகிய அனைத்தும் அவ்வாறு பெயர் பெற்றனவே. ஆளி நாரில் பிறந்த சொல் உலகெங்கும் ஓடிற்று.

தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்க வேண்டுவதன்று. பஞ்சினால் ஆகிய இழைக்கும் புலவர் இயற்றிய ஏட்டிற்கும் 'நூல்' என்னும் ஒரு பெயரே தமிழில் வழங்குகிறது. தச்சர் மரத்தின் வளைவைப் போக்குதற்கு நூல் பிடிப்பது போல, உள்ளத்தின் வளைவைப் போக்குவது நூல் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் விளக்கம் தருகிறது. 'வரி' என்னும் சொல் எழுத்தின் வரியையும், வேங்கையின் உடலில் உள்ள வரியையும், அரசுக்குச் செலுத்தும் இறையையும், ஒருவகை இசைப்பாட்டையும் குறிக்கும். 'கோடு' என்பதோ இன்னும் விரிந்தது. மலையுச்சி, மரக்கிளை, யானைத் தந்தம், சங்கு ஆகியவை எல்லாம் கோடு எனப்படும். கோடுதல் என்பதற்கு வளைதல் என்பது பொருள். வளைவைக் குறித்த அச்சொல்லே நேரிய கீற்றையும் குறிப்பதாயிற்று. ஆகவே, ஒரு சொல் பல பொருள் பெறுதல் மொழியின் குறையன்று. வாழும் மொழிகள் யாவற்றிற்கும் உரிய இயல்பு அது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 'லைன்' என்றவுடன் முதலில் நினைவுக்கு வரும் பொருள் வேலைத் தொடர்தான். அதன் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்க நாட்டில் ஹென்றி போர்டு என்பவர் தம் கார்த் தொழிற்சாலையில் 1913இல் ஒரு புதுமுறையை நிறுவினார். அதற்கு முன்னர்க் காரின் அடிச்சட்டம் ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர் அதனைச் சூழ்ந்து வேலை செய்வர். புதிய முறையிலோ சட்டம் நகரும். தொழிலாளர் தத்தம் இடத்தில் நின்று தத்தமக்குரிய ஒரு வேலையை மட்டும் செய்வர். அதனால், பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலை 93 நிமிடங்களில் முடியலாயிற்று. காரின் விலை குறைந்தது. ஆயின், ஒரே வேலையை நாள்முழுதும் செய்யும் சலிப்பும் உடன் வந்தது. பிற்காலத்தில் ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்தார் அம்முறையில் ஒரு திருத்தம் செய்தனர். குறை கண்ட தொழிலாளி எவரும் தம் அருகில் உள்ள கயிற்றை இழுத்து மேலாளரை அழைக்கலாம். குறை தீரவில்லையெனில் தொடர் முழுவதும் நிற்கும். கயிற்றையே முதற்பொருளாகக் கொண்டிருந்த ஒரு சொல்லின் பெயர் தாங்கிய தொடரை, ஒரு கயிறே நிறுத்துவது பொருத்தமுடையதன்றோ?

'லைன் நின்றது' என்னும் தொடருக்குத் துயரமான பொருளும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஊரகங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பெருந்தொகையினர் அங்கே வேலை பெற்றனர். 2014ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திற்று. பழுது பார்த்தற்கு நிறுத்தும் நிறுத்தமும் லைன் நிற்றலே. பல குடும்பங்களின் வருவாய் முடிந்த நிறுத்தமும் லைன் நிற்றலே. ஒரு சொல்லுக்குள் எத்துணை வேறுபட்ட வாழ்வுகள் அடங்கியிருக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

தொழிற்சாலையின் புறத்தேயும் இச்சொல் பல வடிவம் கொண்டு வாழ்கிறது. கொங்கு நாட்டில், அடுத்தடுத்து ஒரே நிரையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகளை 'லைன் வீடு' என்பர். இலங்கையின் மலைநாட்டில், சென்ற நூற்றாண்டுகளில் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து சென்ற தமிழர்க்கு நிரைநிரையாக அறைகள் கட்டித் தரப்பெற்றன. ஆங்கிலேயர் அவற்றை 'லைன்' என்றனர். தமிழர் நாவில் அது 'லயம்' என்றும் 'லயன்' என்றும் திரிந்தது. இசையில் காலவொழுங்கைக் குறிக்கும் இனிய சொல்லின் வடிவத்தில், நெருக்கமும் வறுமையும் சூழ்ந்த குடியிருப்பின் பெயர் மறைந்து நிற்கிறது. 'டெட்லைன்' என்னும் கூட்டுச்சொல்லோ அச்சந்தரும் வரலாறுடையது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864ஆம் ஆண்டளவில், ஆண்டர்சன்வில் சிறையில் ஓர் எல்லை வகுக்கப்பெற்றது. அதனைக் கடந்த கைதியைக் காவலர் சுட்டுக் கொல்லலாம். அவ்வெல்லைக்கு வழங்கிய பெயரே இன்று ஒரு வேலையை முடித்தற்குரிய இறுதிக் காலத்தைக் குறிக்கிறது.

இவ்வாறு பொருள் பல்கிய சொல்லைக் கேட்போர் எங்ஙனம் பிழையின்றி உணர்கின்றனர்? இவ்வினாவிற்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே விடை வகுத்துள்ளார். பலபொருள் ஒருசொல்லை அவர் இருவகைப்படுத்தினார். வினை முதலியவற்றால் பொருள் வேறுபட்டு விளங்குவது ஒருவகை. அவ்வாறு விளங்காதது மற்றொருவகை. முதல்வகையில் வினை, இனம், சார்பு என்னும் மூன்றும் பொருளைக் காட்டும். 'மா' என்பது மரத்திற்கும் குதிரைக்கும் வேறு சிலவற்றிற்கும் பெயர். 'மா பூத்தது' என்றால், பூத்தல் என்னும் வினையால் மரம் என்பது தெளிவாம். 'மாவும் பலாவும்' என்றால் இனத்தால் விளங்கும். போர்க்கோலம் பூண்டு நிற்பவன் மாவைக் கொணர்க என்றால், சார்பினால் அது குதிரை என்று அறியலாம். இரண்டாம் வகையில், 'மா வீழ்ந்தது' என்றால், வீழ்ந்தது மரமோ விலங்கோ என்னும் ஐயம் நீங்காது. அத்தகைய இடத்தில் பொருளை வெளிப்படையாக எடுத்துக் கூறுதல் வேண்டும் என்பது ஆசிரியர் விதி.

இவ்விதியை 'லைன்' என்னும் சொல்லின்மேல் வைத்துப் பார்த்தல் தகும். 'லைனில் நில்லுங்கள்' என்பது வினையால் விளங்கும். 'லைனும் லெங்த்தும்' என்று கிரிக்கெட் ஆட்டத்தில் கூறுவது இனத்தால் விளங்கும். 'லைன் கிடைக்கவில்லை' என்று தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர் கூறினால் சார்பினால் விளங்கும். ஆனால், 'லைனை நிறுத்து' என்று பேரொலி நிறைந்த கூடத்தில் ஒருவர் கூவினால், நிறுத்த வேண்டுவது வேலைத் தொடரோ, மின்சாரமோ, காற்றோ? மூன்றும் நிறுத்தத் தக்கனவே. அங்கே வினை துணை செய்யாது, இனமும் இல்லை, மூன்றும் ஒரே கூடத்தில் இருத்தலால் சார்பும் உதவாது.

இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு 'லைன் கிளியர்' என்பது. இருப்புப்பாதைத் துறையில், முன்னுள்ள நிலையத்தார் 'லைன் கிளியர்' கொடுத்தால், பாதையில் தடையில்லை, வண்டி வரலாம் என்பது பொருள். மின்சாரத் துறையில் 'லைன் கிளியர்' பெறுதல் என்றால், மின்னோட்டத்தை நிறுத்திப் பாதுகாப்புச் செய்தாயிற்று, கம்பத்தின் மீது ஏறி வேலை செய்யலாம் என்பது பொருள். மருந்துத் தொழிற்சாலையில் இதனையொத்த ஒரு சொல், முன்னர் அடைத்த மருந்தின் எச்சம் ஒன்றும் இன்றி இடத்தைத் துடைத்துத் தூய்மை செய்ததைக் குறிக்கும். ஓரிடத்தில் ஓடுக என்னும் பொருளும், மற்றோரிடத்தில் ஓட்டம் நின்றது என்னும் பொருளும் ஒரு தொடரே தருகின்றது. அந்தந்தத் துறையினுள் பயின்றவர்க்கு மயக்கமில்லை. நேற்று வேலைக்கு வந்த இளைஞனுக்கோ, சொல்லைப் பிழைபட உணர்ந்தால் கை போகும். சில வேளைகளில் உயிரும் போகும்.

இந்நிலையில் இருவேறு கருத்தினர் உளர். அயற்சொல்லை அறவே நீக்குதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். தொழிற்சாலைக்குத் தமிழ் ஏற்றதன்று, ஆங்கிலமே போதும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. ஒரகடத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத்தாரும் தோளோடு தோள் நின்று வேலை செய்கின்றனர். 'லைன்' என்பது அவர்க்கெல்லாம் பொதுவான நாணயம் போல் வழங்குகிறது. அதனைப் பிடுங்கி எறிதல் இயலாது. எறிய வேண்டுவதும் இல்லை. வடசொல்லும் திசைச்சொல்லும் செய்யுளுக்கு உரியன என்று ஏற்ற தொல்காப்பியர் நெறியும் அதுவன்று.

தமிழால் இயலாது என்பாரது கூற்றும் உண்மைக்கு மாறானது. வேலைத்தொடர், மின்பாதை, காற்றுக்குழாய், இருப்புப்பாதை, வரிசை, கோடு எனப் பொருள்தோறும் தமிழில் தனிச்சொல் உண்டு. ஆங்கிலேயரும் வெறும் 'லைன்' என்று நில்லாமல், மயக்கம் நேரும் இடத்தில் 'அசெம்பிளி லைன்', 'பவர் லைன்', 'ஏர் லைன்' என்று அடைகொடுத்தே பேசுவர். அவ்வடைகளை உதிர்த்துவிட்டு எஞ்சிய சொல்லை மட்டும் வழங்குவதே இங்குள்ள குறை. இங்ஙனம் செய்தல் ஆங்கிலத்தை அறிந்ததும் ஆகாது. தமிழைப் பேணியதும் ஆகாது. அடைமொழியும் சில வேளைகளில் போதாது என்பதும் நினைக்கத்தக்கது. 'ஏர் லைன்' என்பது தொழிற்சாலையில் காற்றுக்குழாய். மீனம்பாக்கத்திலோ வானூர்தி நிறுவனம்.

ஆதலின், செய்யத்தக்கது ஒன்றுண்டு. பேச்சில் 'லைன்' என்பது வழங்குக. ஆனால், ஆபத்தைக் குறித்த அறிவிப்பிலும், ஆணையிலும், புதியவர்க்குப் பயிற்சியளிக்கும் ஏட்டிலும் அதனைத் தனித்து நிறுத்தலாகாது. மின்பாதையை மின்பாதை என்றும், காற்றுக்குழாயைக் காற்றுக்குழாய் என்றும் எழுதுதல் வேண்டும். பிற மாநிலத்தார்க்கு அவரவர் மொழியிலும் எழுதுதல் வேண்டும். தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் அறிவிப்புகள் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. மொழியறிவு உயிர்காப்பிற்கும் உரியது என்பதை அச்சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர்.

பள்ளியில் பயிலும் மாணவருள் பலர் நாளை தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் சேர்வர். சிலர் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிவர். பலபொருள் ஒருசொல் என்னும் இலக்கணப் பகுதி தேர்வின்பொருட்டு மட்டும் படிப்பது என்று அவர் எண்ணுதல் வேண்டா. ஒரு சொல்லைக் கேட்டவுடன், இது எப்பொருளில் வந்தது என்று வினவும் பழக்கத்தை அவ்விலக்கணம் தருகிறது. வினையும் இனமும் சார்பும் விடை தாராதபோது, "எந்த லைன்?" என்று கூச்சமின்றிக் கேட்கும் மாணவன் தொல்காப்பியத்தை உணர்ந்தவன் ஆவான். மேற்பார்வையாளராக உயர்ந்தபின், பிறர் அவ்வாறு கேட்க வேண்டாதபடி தெளிவாகச் சொல்பவன் அதனைப் பின்பற்றியவன் ஆவான்.